ஜீப்பில் நடந்த பெற்றோர் கூட்டம்

விடிவதற்கு இன்னும் நேரம் இருந்தது. ஊர் முக்கில் டீக்கடை மட்டும் திறந்திருந்தது. அதற்கு எதிரே ஒரு ஜீப் ஸ்டார்ட்டிலேயே நின்று உறுமிக்கொண்டிருந்தது. கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, கஞ்சி போட்டுத் தேய்த்த காட்டன் சேலையில், நான் அதன் பின்பக்கம் போய் நின்றேன்.

உள்ளே இருந்த பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள். சேலைக்கு மேல் ஆம்பளைச் சட்டை, தலையில் துண்டு, மடியில் தூக்குச்சட்டி. அத்தனை பேர் மத்தியில் நான் கல்யாண வீட்டுக்கு வழி தெரியாமல் வந்தவள் மாதிரி இருந்தேன்.

ஓட்டுநர் சின்னமாயன் இறங்கி வந்தார். "என்ன டீச்சர், கம்பம் பஸ்ஸுண்டு நெனச்சுட்டீகளா? இது மலைக்குப் போற வண்டி. இவுக ஏலக்காய் எடுக்கப் போறாக."

"தெரியும். எனக்கும் ஒரு எடம் வேணும்."

"காய் எடுக்கவா?"

உள்ளே ஒரே சிரிப்பு.

"தர்ஷினியோட அம்மாவப் பாக்கணும். வேற நேரத்துல பிடிக்க முடியலை" என்றேன்.

சிரிப்பு நின்றுவிட்டது. கடைசியில், பின்கதவை ஒட்டி உட்கார்ந்திருந்த பாண்டியம்மா முகத்தை ரோட்டுப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

தர்ஷினி எங்கள் பள்ளியில் ஏழாம் வகுப்பு. அந்த வாரம் திங்கட்கிழமையிலிருந்து வரவில்லை. இனிமேல் அனுப்பப் போவதில்லை, வீட்டில் இருந்து மூன்று வயதுத் தம்பியைப் பார்த்துக்கொள்ளட்டும் என்று அம்மா சொல்லிவிட்டதாகப் பக்கத்து வீட்டுப் பிள்ளை சொன்னது. பள்ளியை விட்டு நிற்கிற பிள்ளையைச் சூட்டோடு சூடாகப் பிடித்துவிட வேண்டும். நாள் கடந்தால் வீட்டு வேலை அதற்குப் பழகிவிடும். அது வேலை செய்வது வீட்டுக்கும் பழகிவிடும். இரண்டு மூன்று வருடத்தில் அதே ஜீப்பில் அதற்கும் ஓர் இடம் தயாராகிவிடும்.

அதனால்தான் ஏறினேன். பெண்கள் நெருக்கி உட்கார்ந்து எனக்கு இடம் விட்டார்கள். வண்டியில் எத்தனை பேர் இருந்தோம் என்று எழுத மாட்டேன். எழுதினால் சின்னமாயனைத் தேடி ஆள் வரும்.

மூன்று மணிக்கு யார் வருவார்?

நான் தலைமையாசிரியையாக இருந்த அந்த ஊர் கம்பத்துக்குத் தெற்கே இருக்கிறது. பெயரைச் சொல்லப் போவதில்லை. போன வாரம் இந்தத் தொடரில் சத்துணவுக் கூடத்துப் பூனையைப் பற்றி எழுதியதற்கே "அந்தப் பூனை எங்க வீட்டுப் பூனை" என்று ஒருவர் போனில் சண்டைக்கு வந்தார்.

ஊரில் இரண்டு தெரு. மேலத் தெருவில் பாதிப் பேர் மாதா கோயில்காரர்கள். கீழத் தெருவில் காளியம்மன் கோயில். ஆண்கள் திராட்சைப் பந்தலுக்கும் வாழைத்தார் ஏற்றவும் போவார்கள். பெண்களில் பெரும்பாலோர் மலைக்கு. இருட்டோடு ஜீப் ஏறினால் கம்பமெட்டைத் தாண்டி, கேரளத்து ஏலத் தோட்டத்தில் நாள் முழுக்க வேலை. வீடு திரும்ப மறுபடி இருட்டிவிடும். நேரம் தவறினால் தோட்டத்தில் சேர்க்க மாட்டார்கள். அன்றைய கூலி போச்சு.

எங்கள் பெற்றோர் கூட்டமோ வெள்ளிக்கிழமை மதியம் மூன்று மணிக்கு. மேலே இருந்து வருகிற உத்தரவில் அப்படித்தான் இருக்கும். மூன்று மணிக்கு எங்கள் பிள்ளைகளின் அம்மாக்கள் ஏலச் செடிக்கு அடியில் குத்தவைத்து, காலில் ஏறும் அட்டையைப் பிய்த்துப் போட்டுக்கொண்டு, காய் கிள்ளிக்கொண்டிருப்பார்கள். கூட்டத்துக்கு வருவது மளிகைக்கடைக்காரர், ஊர்ப் பெரியவர் இரண்டு பேர், அப்புறம் காய்ச்சலில் வேலைக்குப் போகாத யாராவது ஒருத்தி. டீயும் பிஸ்கட்டும் மீந்துபோகும்.

"பிள்ளைங்க மேல அக்கறையே இல்லாத சனங்க" என்று ஆசிரியர்கள் பேசிக்கொள்வார்கள். எனக்கு எரிச்சல் வரும். அக்கறை இருந்தால் மலையிலிருந்து பறந்தா வர முடியும்?

இதில் எனக்கு இன்னொரு கணக்கும் உண்டு. என் மகன் அல்லிநகரத்தில் ஒரு தனியார் பள்ளியில் படித்தான். அங்கே சனிக்கிழமைகளில் பெற்றோரை வரிசையில் உட்காரவைத்து ஒவ்வொருவராகக் கூப்பிடுவார்கள். ஒரு தடவை, என்னிடம் படித்திருக்கக்கூடிய வயதில் ஒரு பெண், "உங்க பையன் வகுப்புல தூங்குறான் மேடம், வீட்ல கவனிக்கிறதே இல்லையா?" என்று பின்வரிசை வரைக்கும் கேட்கிற குரலில் கேட்டது. நான் டீச்சர் என்று தெரிந்த இரண்டு பேர் பின்னால் இருந்தார்கள். காது மடல் சுட்டது. வீட்டுக்கு வந்து மகனை விளாசித் தள்ளினேன். அவன் என்ன தப்பு செய்தான் என்பதைவிட, யார் முன்னால் கேட்டார்கள் என்பதுதான் எனக்கு உறுத்தியது. இதைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள், பாண்டியம்மாவின் கோபம் புரியும்.

ஒரு ஜீப்புக்கு ஒரு அம்மா

தர்ஷினி நின்றுபோவதற்கு முந்தின வெள்ளிக்கிழமைக் கூட்டத்துக்கு மேலத் தெரு சவரியம்மாள் வந்தார். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்து, "நான் எங்க ஜீப்புப் பிள்ளைக எல்லாத்துக்கும் வந்திருக்கேன். என்னண்டு சொல்லுங்க" என்றார்.

மலைக்குப் போகும் ஒவ்வொரு ஜீப்புக்கும் இப்படி ஒருத்தி உண்டு. தோட்டத்துக் கங்காணியிடம் எல்லோருக்காகவும் பேசுவது அவள்தான். மழை நாளில் வேலை உண்டா, எந்தப் பக்கம் காய் எடுப்பு, யாருக்கு லீவு என்று அவள் கேட்டு வந்து சொல்வாள். பள்ளிக்கூடத்துக்கும் அதே வழக்கப்படி ஆள் அனுப்பிவிட்டார்கள். ஒருத்தி கூலியை விட்டால் போதும், எல்லோரும் விட வேண்டாம் என்று.

எனக்கு அன்று கம்பத்தில் வேறு கூட்டம். பள்ளியில் இருந்தது நித்யா டீச்சர். வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருடம் ஆகாத பெண், உண்மையான உழைப்பாளி. அத்தனை பிள்ளைகளைப் பற்றியும் கேட்க ஒரு ஆள் வந்ததே என்ற சந்தோஷத்தில் ஒன்று விடாமல் சொல்லிவிட்டது. இவனுக்குப் பேன், இவளுக்குக் கண் சரியாகத் தெரியவில்லை, இவன் வாய்ப்பாடு சொல்ல மாட்டேன் என்கிறான். அந்த வரிசையில், "தர்ஷினி ஏழாவது. ஆனா ரெண்டாவது புத்தகத்தையே எழுத்துக் கூட்டித்தான் வாசிக்கிறா."

பொய் இல்லை. கொரோனா வந்து பள்ளிக்கூடம் மூடியபோது அந்தப் பிள்ளை மூன்றாம் வகுப்பு. மறுபடி திறந்தபோது ஐந்தாம் வகுப்பு. நடுவில் வீட்டில் ஸ்மார்ட் போன் கிடையாது. வகுப்பு ஏறியது, வாசிப்பு ஏறவில்லை.

சவரியம்மாள் மறுநாள் காலை, கங்காணி சொன்னதைச் சொல்வது போலவே, ஜீப்பில் எல்லோருக்கும் கேட்கும்படி ஒப்பித்துவிட்டார். பேனுக்குச் சிரித்தார்கள். வாய்ப்பாட்டுக்குச் சிரித்தார்கள். தர்ஷினி முறை வந்ததும் யாரோ, "அப்ப ரெண்டாவது படிக்கிற எம் பேத்தியும் பாண்டியம்மா மகளும் ஒரே கிளாஸுதான்" என்றிருக்கிறாள். அதற்கு விழுந்து விழுந்து சிரித்தார்கள். பாண்டியம்மாவும் அந்த வண்டியில்தான் இருந்தார். திங்கட்கிழமை தர்ஷினி வரவில்லை.

மலை ஏறும்போது

கூடலூர் ரோட்டை விட்டுப் பிரிந்து வண்டி மலை ஏறத் தொடங்கியது. குளிர் உள்ளே வந்தது. ஏலக்காய், வியர்வை, டீசல், யாரோ தலைக்கு வைத்த பிச்சிப்பூ எல்லாம் சேர்ந்து ஒரு வாசம். நான் சவரியம்மாளிடம் ஆரம்பித்தேன்.

"ஏக்கா, பிள்ளையப் பத்தின சங்கதிய அவ அம்மாகிட்டத் தனியாச் சொல்லியிருக்கலாம்ல?"

"தனியாவா?" சவரியம்மாளுக்குக் கோபம் வந்துவிட்டது. "டீச்சர், கங்காணிகிட்டப் பேசிட்டு வந்து நான் ஒருத்தி காதுல மட்டும் சொன்னேண்டு வைங்க. மத்தவளுக என்ன நெனப்பாளுக? இவ என்னமோ உள்கை வச்சிருக்காண்டு நெனப்பாளுக. அன்னியோட என் பேச்ச ஒருத்தியும் நம்ப மாட்டா. இந்த வண்டியில எதாருந்தாலும் எல்லாருக்கும் கேக்கத்தான் சொல்லணும். அதுதான் எங்க வழக்கம்."

அவர் சொன்னது நியாயம். நித்யா செய்ததும் தப்பில்லை. கேட்ட ஆளிடம் கேட்டதைச் சொன்னது. யாரையும் குற்றம் சொல்ல வழியில்லாமல் ஒரு பிள்ளையின் படிப்பு நின்றுபோயிருந்தது. யாரையாவது திட்டலாம் என்று வந்த எனக்கு அதுவே பெரிய ஏமாற்றம்.

பாண்டியம்மா அப்போதுதான் வாயைத் திறந்தார். குரல் உயரவில்லை.

"அவுக சொன்னதுக்கு நான் கோவிக்கல டீச்சர். ஒண்ணாப்புலருந்து உங்ககிட்டதான விட்டேன். காச்சல் அடிச்சாக்கூட அனுப்பினேன். இப்ப வாசிக்கத் தெரியலைண்டு எங்கிட்டச் சொல்லி விடுறீக. நான் யார்கிட்டப் போய்ச் சொல்ல?"

எத்தனையோ பயிற்சி வகுப்புகளில் உட்கார்ந்து எழுந்தவள் நான். அந்தக் கேள்விக்கு எங்கேயும் பதில் சொல்லித் தரவில்லை. "சொல்ல வேண்டிய இடம் நாங்கதான்" என்று மட்டும் சொன்னேன்.

"சரி, இப்ப என்ன செய்யணுங்கிறீக? அதச் சொல்லுங்க" என்றார் சவரியம்மாள்.

"தினமும் கொஞ்ச நேரம் சத்தம் போட்டு வாசிக்கணும். வகுப்புல நாங்க பாத்துக்கிறோம். ஆனா சாயங்காலமும் வாசிக்கணும். பக்கத்துல யாராவது உக்காந்து கேக்கணும்."

"யாரு கேக்குறது? நாங்க வீடு வந்து சேரவே இருட்டிருது. வந்தா அடுப்பு. அங்கன உக்காந்து பாடம் கேக்க எவளுக்கு நேரமிருக்கு?"

"எறங்கி வாற நேரமெல்லாம் பாட்டுத்தான கேக்குறீக? அதுக்குப் பதிலா பாடத்தக் கேளுங்க" என்றார் முன்னாலிருந்து சின்னமாயன். கிண்டலுக்குத்தான் சொன்னார். போனைச் சொருகினால் மலையே அதிர்கிற ஸ்பீக்கர் அவர் வண்டியில் இருந்தது. அதைப் பற்றிப் பெருமை பேசச் சந்தர்ப்பம் கிடைத்தால் விட மாட்டார்.

ஆனால் சவரியம்மாள் சிரிக்கவில்லை. "ஏண்ணே, போன்ல பேசுனா அந்த டப்பாவுல கேக்குமா?"

"கேக்கும். செக்போஸ்ட்டத் தாண்டி நம்ம டவர் கிடைக்கணும்."

"அப்பக் கேப்பம். ஒருத்தி பிள்ளை மட்டும் வாசிச்சா அது அவளுக்குக் கேவலம். எல்லாப் பிள்ளையும் வாசிக்கட்டும். தண்ணி பாச்ச முறை வைக்கிற மாதிரி முறை வச்சுக்குவம். இன்னைக்கு ஒம் பிள்ளை, நாளைக்கு எம் பிள்ளை."

வண்டிக்குள் ஒரே இரைச்சல். எங்கே உட்கார்ந்து வாசிப்பது, யார் போனிலிருந்து கூப்பிடுவது, என் பிள்ளை வெட்கப்படுவான், உன் பிள்ளை எப்போது வெட்கப்பட்டான். இத்தனை வருடத்தில் எங்கள் பள்ளிக்கூடத்தில் இவ்வளவு உயிருள்ள பெற்றோர் கூட்டம் ஒன்று நடந்ததில்லை.

பாண்டியம்மா மட்டும் அதில் சேரவில்லை. கம்பமெட்டில் நான் இறங்கும்போது, "மத்த பிள்ளைக வாசிக்கட்டும் டீச்சர். எம் மக விசயத்த பொறவு பாப்பம்" என்றார். பனியில் நடுங்கிக்கொண்டு பால் விடாத கட்டன் சாயா ஒன்று குடித்துவிட்டு, முதல் பஸ்ஸைப் பிடித்துப் பள்ளிக்கு வந்தேன். போன காரியம் பாதிகூட முடியவில்லை.

மாதா கோயில் மண்டபம்

சாயங்காலம் பள்ளிக்கூடத்தைப் பூட்டிவிடுவோம். அதனால் இடம் கேட்டு மாதா கோயில் உபதேசியாரிடம் போனேன். பங்குச் சாமியார் வராத நாட்களில் ஜெபம் நடத்துகிறவர், மண்டபத்துச் சாவி அவரிடம்தான். "கீழத் தெருப் பிள்ளைகளும் வருமா?" என்று கேட்டார். வரும் என்றேன். ஏதோ சொல்லப் போகிறார் என்று நானும் சண்டைக்குத் தயாரானேன். "அப்ப இருக்கிற பாய் பத்தாது" என்றார். காளியம்மன் கோயிலிலிருந்து ஜமுக்காளம் வந்தது.

முதல் நாள் வாசித்தவன் இரண்டாம் வகுப்புப் பையன். காக்கா கதை. நித்யா டீச்சர் தன் போனை அவன் வாய்க்கு நேராகப் பிடித்திருந்தது. அவன் பாதி வாசிப்பதற்குள் ஜீப் ஏதோ வளைவில் திரும்பி டவர் போய்விட்டது. அது தெரியாமல் அவன் செத்த போனுக்கு முழுக் கதையையும் வாசித்து முடித்து, கைதட்டலுக்காகக் காத்திருந்தான். நாங்களே தட்டினோம். மறுநாளிலிருந்து டவர் நிற்கிற ஓர் இடத்தைச் சின்னமாயன் கண்டுபிடித்து, அங்கே வந்ததும் வண்டியை மெதுவாக ஓட்டினார்.

வாசிப்பு முடிந்ததும் நித்யாவின் போன் ஸ்பீக்கரில் கேட்கும்படி அம்மாக்கள் அங்கிருந்து கத்துவார்கள். "கோழிய அடைச்சியாலே?" "ஏத்தா, அரிசி ஊறப் போட்டியா?" பிள்ளைகள் இங்கிருந்து பதிலுக்குக் கத்தும். உண்மையைச் சொன்னால், பாதிப் பிள்ளைகள் இதற்காகத்தான் மண்டபத்துக்கு வந்தன. நாள் முழுக்கக் கேட்காத குரல் அல்லவா.

தர்ஷினியும் அதற்காகத்தான் வந்திருக்க வேண்டும். ஒரு நாள் தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசல் தூணுக்குப் பக்கத்தில் நின்றாள். "உள்ள வாத்தா" என்றேன். வரவில்லை. ஆனால் மறுநாளும் நின்றாள். அதற்கு மறுநாள் தம்பி இடுப்பிலிருந்து இறங்கி ஜமுக்காளத்துக்கு ஓடிவிட்டான். அவனைப் பிடிக்க அவளும் உள்ளே வர வேண்டியதாயிற்று. வந்தவள் ஒரு ஓரமாக உட்கார்ந்தாள். நித்யா டீச்சர் எதுவும் கேட்காமல் தினமும் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்து, மெதுவாக, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் வாசிக்கவைத்தது. நானாக இருந்தால் முதல் நாளே கேள்வி கேட்டு விரட்டியிருப்பேன்.

பகலில் மட்டும் பள்ளிக்கு வரவில்லை. அம்மா சொல்லாமல் வர மாட்டேன் என்றாள். வீட்டுக்குப் போய் அப்பாவிடம் பேசிப் பார்த்தேன். "அவ அம்மா சொன்னாத்தான் டீச்சர்" என்று அவரும் அதையே சொன்னார்.

பாண்டியம்மாவின் முறை

ஒரு நாள் ஸ்பீக்கரில் சவரியம்மாள் குரல் கேட்டது. "இன்னைக்கு யாரு முறை?"

அந்தப் பக்கத்தில் ஒருத்தி, "பாண்டியம்மா முறைதான். விட்டுட்டு அடுத்த ஆளக் கூப்பிடுவமா?" என்றாள்.

நான் போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். பாண்டியம்மா வேண்டாம் என்று சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் வேண்டும் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. ஜீப் இரைகிற சத்தம்தான் வந்தது.

தர்ஷினி எழுந்து வந்தாள். நித்யா டீச்சர் பழக்கிவைத்திருந்த இரண்டாம் வகுப்புப் புத்தகத்தை நீட்டியது. அவள் தலையை ஆட்டிவிட்டு, அன்று கொண்டுவந்திருந்த பையிலிருந்து ஏழாம் வகுப்புப் புத்தகத்தை எடுத்தாள். வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். நித்யா என் கையைப் பிடித்து அழுத்தியது.

மழைத் தண்ணீரைச் சேமிப்பது பற்றி ஒரு பாடம். ஒவ்வொரு சொல்லாக, விரல் வைத்து வாசித்தாள். முதல் வரி வந்துவிட்டது. இரண்டாவது வரியில், "நி... நில..." என்று நின்றுவிட்டாள். மறுபடி முதலிலிருந்து தொடங்கி மறுபடி அதே இடத்தில் நின்றாள். கழுத்து வேர்த்திருந்தது. மண்டபத்தில் பிள்ளைகள் யாரும் சிரிக்கவில்லை. ஸ்பீக்கரில் ஒருத்தி பொறுக்க முடியாமல், "நெலமா? நெலத்துலயா?" என்று எடுத்துக்கொடுத்தாள்.

"யாரும் சொல்லாதீக." பாண்டியம்மாவின் குரல். "அவளே சொல்லட்டும்."

திடீரென்று போனில் இரைச்சல் நின்றது. டவர் போய்விட்டதோ என்று பதறினேன். இல்லை. சின்னமாயன் ஜீப்பை ஓரங்கட்டி என்ஜினை அணைத்திருந்தார். காற்றடிக்கிற சத்தமும், தூரத்தில் ஒரு லாரி ஏறும் சத்தமும் கேட்டன. வீட்டில் உலை வைக்க வேண்டிய அத்தனை பெண்களும் நடு மலையில், ஒரு பிள்ளை ஒரு சொல்லைச் சொல்வதற்காகக் காத்துக்கொண்டிருந்தார்கள். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அதை மறைக்கவும் தோன்றவில்லை.

"நிலத்... நிலத்தடி நீர்" என்றாள் தர்ஷினி.

அப்புறம் நிற்கவில்லை. தடுக்கித் தடுக்கிப் போனாள், ஆனால் போனாள். பத்தி முடிந்ததும் மூச்சு விட்டாள்.

"முடிஞ்சிருச்சாத்தா?" என்று பாண்டியம்மா கேட்டார்.

"இன்னும் ரெண்டு பாரா இருக்கும்மா."

"ஏத்தா பாண்டியம்மா, இருட்டிக்கிட்டு வருது" என்றார் சின்னமாயன்.

"வரட்டும்ணே. நீ வாசித்தா."

அவள் வாசித்தாள். கடைசி வரி முடிந்ததும் அந்தப் பக்கத்தில் கைதட்டப் போனவர்களைப் பாண்டியம்மா அடக்கினார்.

"டீச்சர், இருக்கீகளா?"

"இருக்கேன் பாண்டியம்மா."

"சின்னவன நாளையிலருந்து அவுக அப்பா பால்வாடியில விட்டுருவாக. இவ காலையில பள்ளிக்கூடத்துக்கு வந்துருவா. எல்லாரும் கேக்கட்டும்ண்டுதான் இங்கன வச்சுச் சொல்றேன்."

"கேட்டுச்சு, கேட்டுச்சு" என்றார் சவரியம்மாள். அதற்குப் பிறகுதான் சின்னமாயன் வண்டியைக் கிளப்பினார்.